வாய்ப்புக் குறைந்ததால்தான் ராதிகா சின்னத்திரைக்கு வந்தாரா?

‘சினிமாவில் வாய்ப்புக் குறைந்த பிறகுதானே ராதிகா தொலைக்காட்சித் தொடர்களுக்கு வந்தார்? ஒரு நடிகைக்கு அது இறக்கம்தானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே என் பதில். முதல் கேள்விக்கு ஆண்டுக் கணக்கே விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி என்னைச் சற்றுச் சுட்டது. ஏனெனில் ‘இறக்கம்’ என்ற இதே சொல்லை 1999ஆம் ஆண்டில் ஒரு டப்பிங் தியேட்டரின் வாசலில் நின்று நானும் கேட்டேன், நம்பவும் செய்தேன். கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ ஒரு தொடரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறீர்கள் எனத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படி எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் ராதிகாவின் தொடர்களில் பணியாற்றியவள் இல்லை, அவரை நேரில் சந்தித்ததும் இல்லை. அவருடைய அரசியலைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை எழுதப்போவதில்லை. அது வேண்டுவோர் தனிக் கேள்வியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

1978இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில், ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் எழுதி அனுப்பும் செய்திக்காகக் காத்திருக்கும் பாஞ்சாலியாக அறிமுகமானபோது ராதிகா பதின்பருவப் பெண். அவருடைய ‘சித்தி’ தொடர் தொடங்கியது 1999இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ‘சூர்யவம்சம்’, ஓராண்டுக்கு முன்னர் ‘ஜீன்ஸ்’. வாய்ப்பு வற்றிப்போனவரின் கணக்கு இப்படி இருக்காது. ‘அவற்றில் அவர் இளம் கதாநாயகி இல்லையே’ என்று ஒருவர் உடனே சொல்வார். உண்மைதான். 1995இல் வந்த ‘பசும்பொன்’ படத்தில், தம்மைவிட வயதில் மூத்த பிரபுவுக்கு அவர் தாயாக நடித்தார். முப்பதைத் தாண்டிய நடிகைக்குத் தமிழ்த் திரைப்படம் அன்று எடுத்துவைத்திருந்த நாற்காலி அதுதான். ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயி போன்ற ஒரு பாத்திரம் எல்லா ஆண்டும் வருவதில்லை.

ஆனால் தமக்கு வேண்டிய கதையைத் தாமே எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு 1999இல் வந்ததன்று. பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’ 1985இல் வெளிவந்தது. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதில் நடித்தவரும் ராதிகா, தயாரித்தவரும் ராதிகா. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் ‘சித்தி’யை நான் பார்க்கிறேன். ‘கேளடி கண்மணி’யில் (1990) மனைவியை இழந்த ஒருவரை மணக்க நினைக்கும் சாரதா டீச்சராக ராதிகா நடித்தார்; அந்த மனிதரின் மகள் சாரதாவை ஏற்க மறுப்பாள். ஒன்பது ஆண்டுகள் கழித்துச் ‘சித்தி’யிலும் அவர் பெயர் சாரதா, அங்கே அவர் அந்த வீட்டுக்குள்ளேயே சென்று, இன்னொருத்தி பெற்ற பெண்ணுக்குச் சித்தியாகி விடுகிறார். பெயர்ப் பொருத்தம் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் இரண்டரை மணி நேரப் படத்தில் வாசலிலேயே நின்றுவிட்ட ஒரு பெண்ணின் கதையை, வீட்டுக்குள் நடந்ததுவரை சொல்வதற்கு நூற்றுக்கணக்கான இரவுகள் தேவைப்பட்டன என்றே எனக்குத் தோன்றும். அந்தத் தொடரில் அவருக்குக் கணவராக நடித்தவர் சிவகுமார். அவரும் திரைப்படத்திலிருந்து வந்தவர்தான்; ‘நீங்கள் ஏன் இறங்கி வந்தீர்கள்’ என்று அவரை யாரும் கேட்டதாக நான் அறியேன்.

இனி என் கதை. 1990களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் பின்னணிக் குரல் கொடுத்து வந்தேன். முதலில் கல்யாண வீட்டுக் கூச்சல், சந்தை இரைச்சல், கிணற்றடிப் பேச்சு எனக் கும்பலோடு கும்பலாகப் பேசும் வேலை. பிறகு கதாநாயகியின் தோழி, நாயகனின் அக்காள், இரண்டாவது நாயகி என்று மெல்ல ஒலிவாங்கிக்கு அருகே நகர்ந்தேன். 1999இல் ஒரு தொடரின் தயாரிப்பு நிர்வாகி, மையப் பாத்திரத்துக்கு நான் பேச வேண்டும் என்று கேட்டார். மாதத்தில் பாதி நாள் வேலை உறுதி. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த கலைஞரிடம் கேட்டேன். அவர் தியேட்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “சீரியலுக்குப் போனா அது இறக்கம்டி. தினம் வீட்டுக்குள்ள கேக்கற குரலை எந்த டைரக்டர் ஹீரோயினுக்குப் போடுவார்?” என்றார். அவர் என் நன்மைக்காகவே சொன்னார். இன்றும் அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அதே காலத்தில்தான் எங்கள் வீட்டில் ‘சித்தி’ நுழைந்தது. இரவில் கண்ணின் மணி என்று தொடங்கும் அந்தப் பாட்டு வந்ததும் என் மாமியார் நடமாட்டத்தைக் குறைத்துவிடுவார். ஆனால் தொலைக்காட்சியின் முன்னால் வந்து உட்காரமாட்டார். மறுநாளைக்கு உளுந்து களைவது, பாலை உறை ஊற்றுவது, அடுப்பு மேடையைத் துடைப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். திரை இருந்தது கூடத்தில். அவர் இருந்தது சமையலறையில். ஒருநாள், “அத்தை, இங்கே வந்து பாருங்களேன், நான் துடைக்கிறேன்” என்று அழைத்தேன். “எனக்கு எதுக்குமா பாக்கணும், அதான் கேக்குதே” என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குப் பல நாள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. திரையரங்கில் இருட்டில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறோம்; வீட்டிலோ பாதிப் பேர் வேலை செய்துகொண்டு குரலைக் கேட்கிறார்கள். என் தொழில் எங்கே உயிர் பெறுகிறதோ அங்கே போகமாட்டேன் என்று நான் கௌரவம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ராதிகாவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். திரைப்படத்தில் பேசும்போது அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருகிற குரல் அவருடையது. தொடரில் அதையே, பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்கு இறக்கி வைத்திருந்தார். கோபம் வருகிற சில இடங்களில் குரல் ஏறும் என்று காத்திருந்தால் தாழும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் முழுமையாக விடுவார். சமையலறைவரை செல்ல வேண்டிய பேச்சு அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதை வீட்டில் சொன்னபோது என் கொழுந்தனார் சிரித்தார். “அண்ணி, நடிக்க இடமில்லாமல் வந்தவருக்கு நீங்கள் இலக்கணம் எழுதுகிறீர்கள்” என்றார். ‘முதல் மரியாதை’ படத்தில் ராதாவுக்குக் குரல் கொடுத்தவர் ராதிகாதான் என்று சொன்னேன். அவர் நம்பவே இல்லை. அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர், சிவாஜி கணேசனின் ஒவ்வொரு அசைவையும் ஒப்பிப்பவர். தாம் அறியாத செய்தி அதில் இருக்க முடியாது என்று வாதிட்டார். சில மாதங்கள் கழித்துத் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியபோது, அவரைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். குயிலு பேசுகிற முதல் நீண்ட காட்சி முடிவதற்குள் அவர் திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 1985இல் முன்னணி நாயகியாக இருந்த ஒருவர், இன்னொரு நாயகியின் முகத்துக்குப் பின்னால் முழுப் படத்துக்கும் குரலாக மட்டும் இருக்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு எந்த வேலை உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று நாம் வெளியிலிருந்து அளந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு அதே நிர்வாகி மீண்டும் அழைத்தபோது ஒப்புக்கொண்டேன். வேலை எளிதன்று. அன்றிரவு ஒளிபரப்பாகும் அத்தியாயத்துக்கு அன்று மாலை பேசியதும் உண்டு. வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, குளிர்சாதனத்தின் குளிரில் தொண்டை கட்டாமலிருக்க வெந்நீர்க் குடுவையோடு நிற்பேன். படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக்கில் அந்த நடிகையின் குரலுக்குப் பின்னால், வசனத்தை எடுத்துக்கொடுக்கும் உதவி இயக்குநரின் குரலும் கேட்கும். அதை மறந்துவிட்டு நடிகையின் உதட்டை மட்டும் பிடிக்க வேண்டும். அழுகைக் காட்சிகளில் சொல்லைவிட மூச்சுதான் கடினம். விசும்பல் எங்கே உடைகிறது என்று அவர் தோளைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். மூன்றாண்டுகளுக்கு மேல் பேசினேன். இடையில் திரைப்படங்களுக்கும் அழைத்தார்கள். மூத்தவர் அஞ்சியதுபோல் ஒன்றும் நடக்கவில்லை.

ராதிகாவுக்கும் அப்படித்தான். ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’ என்று இரவு ஒன்பதரை மணி அவருடைய மணியாகவே ஆனது. 2013 முதல் 2018 வரை ‘வாணி ராணி’ ஓடிக்கொண்டிருந்தபோதே, 2015இல் ‘நானும் ரௌடிதான்’ படத்தில் காவல் துறையில் பணியாற்றும் தாயாகவும், 2016இல் ‘தெறி’யில் விஜய்க்குத் தாயாகவும் நடித்தார். ‘வாணி ராணி’யில் வழக்கறிஞர் வாணி, இல்லத்தரசி ராணி என இரட்டைச் சகோதரியர் இருவரும் அவரே. அப்போது என் மாமியாருக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது. முகம் தெரியாமலே, “இது வக்கீல், இது சின்னவ” என்று சரியாகச் சொல்வார். எனக்குத் தெரிந்த விமர்சகர் எவரும் அந்த நடிப்புக்கு இவ்வளவு துல்லியமான சான்றிதழ் கொடுக்கவில்லை.

தயாரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘சித்தி’யின் காலத்தில் தொடர்த் தயாரிப்பாளர் பெரும்பாலும் அலைவரிசைக்குக் கட்டணம் கட்டி நேரத்தை வாங்கி, அதில் வரும் விளம்பர நிமிடங்களைத் தாமே விற்றுப் பணத்தை மீட்க வேண்டும். விளம்பரம் விற்காவிட்டால் நட்டம் அவருடையது. தம்முடைய ராடான் தயாரிப்பு நிறுவனத்தின் வழியாக அந்தப் பொறுப்பைச் சுமந்துகொண்டே ராதிகா ஒப்பனை போட்டுக்கொண்டு நின்றார். ஒதுங்க இடம் தேடி வந்தவர் இதைச் செய்யமாட்டார். எல்லாத் தொடர்களும் நல்லவை என்று நான் சொல்லவில்லை. இழுத்துக்கொண்டே போன கதைகள் உண்டு, அவருடையவற்றிலும் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான் பேசிய தொடரின் தொடக்க அட்டைகளில் ஒப்பனை உதவியாளர், உணவு ஏற்பாடு, வாகன ஓட்டுநர் வரை அனைவருடைய பெயரும் இருந்தது. மகிழ்ச்சி, இருக்க வேண்டியதுதான். அந்த மையப் பாத்திரத்தின் குரலுக்கு உரியவளின் பெயர் மட்டும் மூன்றாண்டுகளில் ஒருநாள்கூட வரவில்லை. கேட்டபோதெல்லாம் ‘அடுத்த வாரம் அட்டையை மாற்றுகிறோம், அம்மா’ என்றார்கள். கடைசிப் பதினோரு அத்தியாயங்களுக்கு அவர்கள் கொடுத்த காசோலை, கணக்கில் பணம் இல்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அதற்குள் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டிருந்தார்கள். அதையும் தொடர் உலகின் தாழ்வுக்குச் சான்றாகக் காட்ட வேண்டாம். எனக்குப் பணம் தராத திரைப்படக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே அழைப்பு வந்திருந்தால், இறக்கமா ஏற்றமா என்று யோசிப்பதை விட்டுவிட்டு நிர்வாகியிடம் மூன்றைக் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட், பணம் எந்தத் தேதியில், பெயர் எந்த அட்டையில். மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய அந்தக் காசோலை இன்னும் பீரோவில், வளையல் முடிந்துவைத்த அதே கைக்குட்டைக்கு அடியில் இருக்கிறது.