மறுப்பும் கட்டுப்பாடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமேசானின் 16 தலைமைக் கொள்கைகளைப் பின்பற்றி எங்கள் நிறுவனமும் 12 கொள்கைகளை வெளியிட்டிருக்கிறது. பட்டியலை இணைத்துள்ளேன். குழுத் தலைவராகிய நான் எதை முதலில் என் குழுவினர் மனதில் பதியவைக்க வேண்டும்? அமேசான் 2021இல் சேர்த்த ‘பூமியின் மிகச்சிறந்த முதலாளி’ என்ற கொள்கை வெறும் கபடமா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்வியைக் கிடங்குகளில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. முதல் கேள்விக்கு என் பதில், எதையும் பதியவைக்க வேண்டாம் என்பதே. மரியாதையையும் நேர்மையையும் தன் விழுமியங்களாக அறிவித்து, 2000இல் 64 பக்க நெறிமுறைக் கையேட்டையும் வெளியிட்ட என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம், 2001 டிசம்பரில் திவாலானது.

அமேசானில் கொள்கைகள் நடைமுறைக்குள் இறங்கியிருக்கின்றன. ஆளெடுக்கும்போது, ஆள் தேவைப்படும் குழுவைச் சேராத ‘பார் ரைசர்’ (தரம் குறையாமல் பார்த்துக்கொள்பவர்) ஒருவர் உடனிருப்பார். மேலாளருக்கு எவ்வளவு அவசரமானாலும் பார் ரைசர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ் 2004இல் உயர்மட்டக் கூட்டங்களிலிருந்து பவர்பாயிண்டை விலக்கிய பிறகு, ஆறு பக்க அறிக்கையை அனைவரும் அமைதியாகப் படித்து முடித்த பின்னரே விவாதம் தொடங்கும் வழக்கம் வந்தது. பேச்சுத்திறமையால் கூட்டத்தை இழுத்துச்செல்லும் வசதி அங்கே எவருக்கும் இல்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ‘மறுப்பைத் துணிந்து சொல், முடிவான பின் முழுமனதோடு செய்’ என்ற அமேசான் கொள்கையில் பின்பாதியை மட்டும் எடுத்து, ‘முடிவுக்குக் கட்டுப்படு’ என்று ஒன்பதாவதாக வைத்திருக்கிறார்கள். தலைவராக இருந்துகொண்டு இதைக்கூடக் கவனிக்காமலா எனக்கு அனுப்பினீர்கள்?

நான் பணிபுரிந்த ஒரு பெரிய நிறுவனத்தில், மனம்திறந்து பேசலாம் என்று மேலதிகாரி அழைத்த கூட்டத்தில், ஓர் இளம் பொறியாளர் தோல்வியடைந்த சோதனைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்ட தாளை மேசையில் வைத்து, அறிவித்த தேதியில் வெளியிட முடியாது என்றார். அதிகாரி புன்னகையோடு குறித்துக்கொண்டார். அடுத்த திட்டத்தின் பெயர்ப்பட்டியலில் அந்தப் பெண் இல்லை. அதன்பின் அதே அழைப்பு வந்தபோதெல்லாம் எல்லோரும் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டுப்படுவது கீழே இருப்பவரின் கடமை மட்டுமே என்று நினைப்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. அமேசானின் படத்தயாரிப்புப் பிரிவான அமேசான் ஸ்டுடியோஸ் தயாரிக்க விரும்பிய ஒரு நிகழ்ச்சியில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டு, குழுவின் விருப்பத்துக்கு உடனே இணங்கியதாகப் பெசோஸே பங்குதாரர்களுக்கான 2016ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் மறுத்திருந்தால் யார் கேட்டிருக்க முடியும்? இணங்க வேண்டிய கட்டாயமே இல்லாதவர் இணங்கினால்தான், மற்றவர்கள் அந்தக் கொள்கையை நம்பி வாய் திறப்பார்கள்.

நீங்கள் அக்கறையுள்ளவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, ஆகவே சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். குழுவுக்குப் பிடித்து உங்களுக்குப் பிடிக்காத, பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு முடிவை நடக்கவிட்டு, அதற்கு வேண்டிய ஆட்களையும் நேரத்தையும் குறைவில்லாமல் கொடுங்கள். அது தோற்றால், “நான் அப்போதே சொன்னேனே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.