குவாலிஸா, டவேராவா: காரையாறு ஏற்றத்துக்கு எது?

நெல்லை மாவட்டம் பாபநாசம் மலையில் காரையாறு வரை ஏற, பழைய டொயோட்டா குவாலிஸ் வாங்குவதா, பழைய செவர்லே டவேரா வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். டவேராதான். ஆனால் நீங்கள் ஓட்டிப் பார்த்த அந்த டவேராவுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். எட்டுப் பேரோடு காரையாறு சொரிமுத்தையனார் கோயில் ஏற்றத்தில் குவாலிஸைவிட அது திணறியது என்றால், கோளாறு அந்த வண்டியில்தான்.

குவாலிஸின் 2.4 லிட்டர் டீசல் என்ஜினுக்கு டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) கிடையாது. டவேராவின் 2.5 லிட்டருக்கு உண்டு. குதிரைத்திறன் கொஞ்சம்தான் கூடுதல், இழுவை நன்றாகவே கூடுதல். எனக்குச் சந்தேகம் கிளட்ச் மேல்.

சோதிக்க பாபநாசம் வரை போக வேண்டாம், ஒரு ரயில்வே மேம்பாலம் போதும். (நெல்லை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் வேண்டாம், பஸ்காரர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள்.) நான்காவது கியரில் மெதுவாக ஏறி ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். என்ஜின் சத்தம் சட்டென எகிறி, வேகம் மட்டும் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் ஏறாமல் கரும்புகை தள்ளினால், டர்போ ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

பின் சீட்டையும் கவனியுங்கள். இரண்டிலுமே சில மாடல்களில் அது பக்கவாட்டில் இருக்கும். மலை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது உறுதி.

ஒன்று மட்டும்: செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. டவேரா பாகங்கள் கிடைப்பது பற்றி உங்கள் மெக்கானிக்கிடம் முதலிலேயே கேளுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டிக்கு 15 வருடம் தாண்டியிருந்தால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று ஆர்சியில் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.