தோள் விலகி ஸ்லிங்கில் இருக்கும்போது உடற்பயிற்சி செய்யலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 24. கடற்கரையில் கரப்பந்து ஆடும்போது விழுந்ததில் வலது தோள்மூட்டு முன்பக்கமாக விலகிவிட்டது. வைத்தியசாலையில் மூட்டைப் பொருத்தி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவு இல்லை என்று சொல்லி, 3 கிழமைக்கு ஸ்லிங் (கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் பட்டி) போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இன்று 10ஆம் நாள். "நோ நல்லாக் குறைந்துவிட்டது. சும்மா இருந்து வயிறு வைக்கிறது. இரண்டு மாதத்தில் மட்ச் இருக்கிறது. ஓடலாமா, ஜிம்முக்குப் போகலாமா? கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் கெதியாகச் சுகம் வருமா?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மட்சை விட்டுவிடுங்கள். நோ போய்விட்டது என்பதை நம்பி இறங்கித்தான் பலர் இரண்டாம் முறையும் தோளைக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள். பீரிஸ் ஒன்றின் மேல் தோடம்பழம் வைத்தது போன்றது தோள்மூட்டு. குழி ஆழமில்லை. பழம் உருளாமல் பிடித்திருப்பது பீரிஸின் விளிம்பு போன்ற ஒரு குருத்தெலும்பு வளையமும், சுற்றியிருக்கும் சவ்வும், தசைகளும். முன்பக்கமாக விலகும்போது அந்த விளிம்பு பெரும்பாலும் கிழிகிறது. நோ இரண்டு கிழமையில் அடங்கும், கிழிந்தது அடங்க மாதக்கணக்கு வேண்டும். உங்கள் வயதில் விளையாடுகிற ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மறுபடியும் விலகுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள்.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது எல்லா அசைவுக்கும் அல்ல, முக்கியமாக ஒரே ஒரு நிலைக்குத்தான். பந்தை அடிக்கக் கையை ஓங்குகிறீர்களே, முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பி, முன்கை பின்னால் சாய்கிற நிலை, அதுதான் தோளை முன்னால் தள்ளி வெளியேற்றுகிறது. இந்த நிலை மைதானத்தில் மட்டும் இல்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருக்கும்போது சாரதி பிரேக் போட்டால் கை அப்படித்தான் போகும். ஜிம்மில் பார்பெல்லைத் தோளுக்குப் பின்னால் வைத்துக் குந்தி எழும்பும்போது கை அதே நிலையில் இருக்கும். கால் பயிற்சிதானே என்று நினைத்து அதைச் செய்துவிடாதீர்கள்.

கன்னியாவுக்கும் இதே பதில்தான். அங்கே கிணற்றுக்குள் இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். நிறைந்த வாளியைத் தலைக்கு மேல் தூக்குவது இப்போது உங்கள் தோளுக்கு ஆகாது. வெந்நீர் தசை இறுக்கத்தைத் தளர்த்தும், கிழிந்த விளிம்பை ஒட்டாது. ஆசையாக இருந்தால் கூட்டாளி ஒருவர் ஊற்றட்டும், நீங்கள் கையை உடம்போடு அணைத்துக்கொண்டு நில்லுங்கள். எண்ணெய் போட்டு இழுத்துவிட ஒரு பரியாரி இருக்கிறார் என்று யாராவது சொன்னால் மட்டும் போகவேண்டாம். இழுப்பது கூடவே கூடாது.

சரி, எதைச் செய்யலாம்? நடங்கள். ஸ்லிங்கோடு நடக்கலாம், நன்றாகவே நடக்கலாம். உள்துறைமுக வீதி சமதரையாக இருக்கிறது, அதில் தொடங்குங்கள். அது இலேசாகிவிட்டால் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறுங்கள், இறக்கத்தில் நிதானம். கோட்டைக்குள் மான் குறுக்கே பாயும், திடுக்கிட்டு விழுந்தால் அந்தக் கையைத்தான் ஊன்றுவீர்கள். படி வந்தால் இடது கையால் கம்பியைப் பிடியுங்கள். பேச முடியும், பாட முடியாது என்கிற அளவு மூச்சு வாங்கினால் போதும். கிழமைக்கு 150 நிமிடம் என்பது பொதுவான குறைந்தபட்சம், ஆட்டக்காரரான நீங்கள் தாராளமாக அதைத் தாண்டலாம். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓட்டம் ஸ்லிங் கழற்றிய பிறகுதான். ரோட்டில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வேண்டாம், ஜிம்மில் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் நல்லது.

கைப்பிடி இல்லாமல் குந்தி எழும்புவது, படியில் ஏறி இறங்குவது, மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குவது எல்லாம் செய்யலாம். தண்டால், பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது) இரண்டும் கூடாது. இடது கைக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்று பலர் தயங்குவார்கள். கொடுங்கள். ஒரு பக்கத்தைப் பயிற்றும்போது மூளை வழியாக மறுபக்கத் தசையின் பலமும் ஓரளவு காக்கப்படுகிறது, இது பலமுறை பார்க்கப்பட்ட உண்மை. கதிரையில் சாய்ந்து இருந்து, மிதமான பாரத்தோடு செய்யுங்கள். முக்கித் தூக்கும் பாரம் வேண்டாம், அப்போது வலது கையும் அறியாமல் துள்ளும்.

நம்முடைய வெயிலில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஸ்லிங்குக்குள் அக்குள் வியர்த்து, நாலைந்து நாளில் தோல் வெந்துபோய்ச் சொறியும். நாளுக்கு இரண்டு முறை மேசையில் இடது கையை ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, வலது கையைக் கயிறு போலத் தொங்கவிடுங்கள். அக்குள் தானாகத் திறக்கும். ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் மறுபடி ஒற்றுங்கள். கிளினிக்கில் தொங்கல் பயிற்சிக்கு அனுமதி தந்திருந்தால், அப்படியே உடம்பை இலேசாக ஆட்டிக் கை சின்ன வட்டம் போட விடுங்கள். விரல்களை மடக்கி நீட்டுவதும், கையை உடம்போடு வைத்தபடி முழங்கையை நீட்டி மடக்குவதும் மணிக்கொரு தடவை. சேர்ட் போடும்போது நோவுள்ள கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும்.

வயிறு வைப்பதற்குச் சாப்பாட்டைப் பாதியாக்காதீர்கள். குறைக்க வேண்டியது பிட்டும் ரொட்டியும் இனிப்புத் தேத்தண்ணியும்தான், மீனும் முட்டையும் பருப்பும் அல்ல. 70 கிலோ உள்ளவருக்கு இந்த நேரத்தில் நாளுக்கு 85 முதல் 110 கிராம் வரை புரதம் நல்லது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல்.

ஸ்லிங் கழற்றிய பிறகு வேலை மெதுவாக மாறும்: முதலில் மற்றக் கையின் உதவியோடு அசைவு, அப்புறம் சுவரைத் தள்ளுவது, அதன் பிறகு ரப்பர் பட்டி. கடலில் நடக்க ஆசை வரும். அலை கையைப் பறித்து இழுக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம், கையைச் சுழற்றி நீந்துவது இன்னும் பின்னால். இரண்டு கையின் பலமும் ஏறத்தாழ சமமாகி, கையை ஓங்கும்போது கழன்றுவிடும் என்ற பயம் வராத நாள்தான் நீங்கள் மைதானத்துக்கு இறங்கும் நாள். பொதுவாக அதற்கு 3 முதல் 4 மாதம், சிலருக்குக் கூடுதலாக.

தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் விறைத்திருக்கிறதா என்று இன்றே தொட்டுப் பாருங்கள். விறைப்பு இருந்தாலோ, விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ, மூட்டு மறுபடி நழுவியதாகத் தெரிந்தாலோ திகதி வரும் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: விளிம்பு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவையா, கையை ஓங்கி அடிக்கிற ஆட்டக்காரன் என்பதால் சத்திரசிகிச்சை பற்றி இப்போதே யோசிக்க வேண்டுமா. கரப்பந்து ஆடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியில் பெரும்பாலும் அது இருக்காது.