ரோல்பேக் செய்தும் பில் பாதியில் நிற்பது ஏன்?

பில் டேபிளில் ஒரு ரோ, ஐட்டம் டேபிளில் நாலைந்து ரோ போடுகிறீர்கள். நடுவில் எரர் வந்து ரோல்பேக் (போட்டதையெல்லாம் திரும்ப எடுப்பது) செய்தாலும் ஐட்டமே இல்லாத பில் தங்கிவிடுகிறது என்கிறீர்கள். புரோகிராம் கோடு எதையும் நீங்கள் காட்டவில்லை. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், யாரோ எழுதிவிட்டுப் போன பழைய சாஃப்ட்வேர் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் 'ஷோ கிரியேட் டேபிள்' கொடுத்து என்ஜின் (டேபிளைச் சேமித்து வைக்கும் பகுதி) என்னவென்று பாருங்கள். மைஐசாம் என்றிருந்தால் தேட வேண்டியதில்லை, அந்தப் பழைய என்ஜினுக்கு, 'ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையேல் எதுவும் ஏறாது' என்கிற ட்ரான்ஸாக்‌ஷனே கிடையாது. ஆனால் வாயைத் திறந்து சொல்லாது. ஸ்டார்ட் ட்ரான்ஸாக்‌ஷனை வாங்கிக்கொள்ளும், ரோல்பேக்குக்கும் தலையாட்டும், ஓரமாக ஒரு வார்னிங் போடும். அதை யார் படிக்கிறார்கள்? ஐட்டத்தை அதன் பில்லோடு கட்டிப்போடும் ஃபாரின் கீ எழுதினாலும் எரர் வராது, சும்மா விழுங்கிவிடும். இதெல்லாம் தெரிந்த இன்னோடிபி, தானாக வரும் என்ஜின் ஆனது மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய டேபிள்கள், சர்வரைப் புதிதாக்கினாலும் மைஐசாமாகவே கிடக்கும்.

என்னிடம் இப்படி வந்தது ஒரு மருந்து மொத்த வியாபாரியின் பில்லிங். ராத்திரி கணக்கு முடிக்கும்போது பில் தொகையும் ஐட்டம் தொகையும் ஒத்துப்போகாது. முதலாளி கவுண்டர் பையன்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார், பாவம் அவர்கள். மைஐசாம் ஒரு பக்கம் இருக்க, கோடில் அதைவிட மோசமான வேலை: பில்லை இன்சர்ட் செய்தபின் 'செலக்ட் மேக்ஸ் ஐடி' என்று டேபிளில் உள்ள பெரிய எண்ணை எடுத்து ஐட்டங்களில் எழுதியிருந்தார்கள். இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டால், ஒருவர் வாங்கிய பாராசிட்டமால் பெட்டி இன்னொருவர் பில்லில் போய் உட்காரும்!

அந்த இடத்தில் 'லாஸ்ட் இன்சர்ட் ஐடி'தான் வேண்டும். கடைசியாக நீங்கள் போட்ட ரோவின் எண்ணைத் தரும் அது, உங்கள் கனெக்‌ஷனுக்கு மட்டும் உரியது, பக்கத்துக் கவுண்டரில் என்ன நடந்தாலும் மாறாது. ஆனால் பில் இன்சர்ட் ஆன கையோடு ஒரு வேரியபிளில் வாங்கி வையுங்கள். ஐட்டம் டேபிளிலும் ஆட்டோ இன்க்ரிமென்ட் (தானாக ஏறும் எண்) இருந்தால், முதல் ஐட்டம் உள்ளே போனதுமே அந்த எண் மாறிவிடும்.

பேக்கப் எடுத்துக்கொண்டு டேபிள்களை இன்னோடிபிக்கு மாற்றி ஃபாரின் கீ போடுங்கள். பில் இல்லாத அனாதை ஐட்டங்கள் இருந்தால் கீ ஏறாது. இரண்டு டேபிளையும் லெஃப்ட் ஜாயின் போட்டு ஒப்பிட்டு முன்பே அவற்றைப் பிடித்துவிடுங்கள்.

'லாராவெல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு' என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். லாராவெல் ஒரு பிஹெச்பி ஃப்ரேம்வொர்க்தானே, அடியில் மைஐசாம் இருந்தால் அது அனுப்பும் ரோல்பேக்கும் வீண்தான். போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸ்காரர்களே, உங்களிடம் இன்சர்ட்டோடு எண்ணையும் திருப்பித் தரும் ரிட்டர்னிங் இருக்கிறது, சந்தோஷம். அந்த முதலாளியிடம் போய் டேட்டாபேஸையே மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. ரோல்பேக் ஆனாலும் ஆட்டோ இன்க்ரிமென்ட் எண் பின்னால் வராது, இடைவெளி விழும். ஐடியையே பில் நம்பராக அச்சடித்துக்கொண்டிருந்ததால் ஆடிட்டர் குதித்தார். ஜிஎஸ்டியில் பில் எண் வரிசையாக இருக்க வேண்டும், அவர் கேட்டது நியாயம்தான். எண்ணுக்குத் தனி டேபிள் வைத்து, 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டு அந்த ரோவைப் பூட்டி, அதே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஏற்றிக் கொடுத்தேன். அதற்குக் காசு கேட்டால் முதலாளி, "ஒரு நம்பரைக் கூட்டிப் போட்டதுக்கா தம்பி இவ்வளவு?" என்றார். அடுத்த தடவை மைஐசாமையே கூப்பிட்டுக்கொள்ளட்டும்.