பி.டி. பருத்தியில் புழு வந்தால் விதை போலியா?

கேள்வி: பி.டி. பருத்தி போட்டிருக்கிறேன். காயை உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. விதை போலி, பி.சி.ஆர். சோதனையில் நிரூபித்து இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். புழு இருப்பதை வைத்து மட்டும் விதை போலி என்று சொல்ல முடியாது. பி.டி. பருத்தி என்பது காய்ப்புழுவைக் கொல்லும் நச்சுப் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி. அது 2002-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு நச்சுப் புரத மரபணுக்கள் கொண்ட ரகங்கள் 2006-ல் வந்தன. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த இரண்டுக்கும் பழகிவிட்டது. நல்ல விதை போட்ட வயலிலும் இன்று அது காயைத் துளைக்கிறது.

பி.சி.ஆர். என்ன செய்கிறது? இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைச் சூடாக்கி, ஆறவைத்து, தேடும் மரபணுத் துண்டை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறது. 30 சுற்றில் ஒன்று ஏறக்குறைய 100 கோடியாகும். மரபணு இருக்கிறதா என்பதற்கு மட்டுமே அது பதில். புழு சாகுமா, விதை தரமானதா என்பதெல்லாம் அதில் தெரியாது. அனுமதியில்லாத உதிரி விதையிலும் ‘இருக்கிறது’ என்று வரலாம்.

இன்னொன்றைக் கவனியுங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். இப்போது பாக்கெட்டிலேயே 5 முதல் 10 சதவீதம் பி.டி. அல்லாத விதையைக் கலந்துதான் தருகிறார்கள். பழகாத புழுக்களும் வயலில் பிழைத்திருந்தால் எதிர்ப்புத்திறன் பரவுவது தாமதமாகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆக, 20 செடிக்கு ஒன்றோ இரண்டோ மரபணு இல்லாமல்தான் இருக்கும். அப்படி ஒரு செடியில் இலை கிள்ளி, ‘மரபணு இல்லை’ என்று அறிக்கை வாங்கினால் அது போலிக்குச் சாட்சி ஆகாது. வயலின் பல இடங்களில் பல செடிகளிலிருந்து இலை எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும். தரகர் ஒரு பையில் நாலு இலையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் அது உங்கள் வயலின் இலைதான் என்பதற்கே ஆதாரம் கிடையாது.

சந்தேகம் இருந்தால் ரசீது, பாக்கெட், லாட் எண் மூன்றையும் பத்திரப்படுத்தி, விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மாதிரியை உங்கள் கண்முன்னே எடுத்து முத்திரை வைக்கச் சொல்லுங்கள். புகார் போனால் ஆள் வருவதற்குள் பறிப்பே முடிந்துவிடுகிறது. பயிர் நிற்கும்போது வராத ஆய்வு விவசாயிக்கு எதற்கு? இந்தத் தாமதத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அதுவரை காத்திருக்காமல், பெண் பூச்சியின் வாசனையால் ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். தொடர்ந்து மூன்று இரவுகள், ஒவ்வொரு இரவும் பொறிக்கு 8 அந்துப்பூச்சி விழுந்தால் மருந்து தெளிக்கும் நேரம் வந்துவிட்டது. இதழ் விரியாமல் பின்னிக்கிடக்கும் பூக்களைப் பறித்து அழியுங்கள். அப்புறம், நாலு காய் கூடக் கிடைக்கும் என்று பயிரை நீட்டிக்காதீர்கள். பருத்திமாரை (பறிப்பு முடிந்த காய்ந்த செடியை) வரப்பில் அடுக்கி வைத்தால் புழு அதிலேயே தங்கி அடுத்த பயிருக்கு வரும்.