பூட்டானில் எத்தனை பேர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். அண்ணனின் பழைய பொது அறிவுப் புத்தகத்தில் பூட்டானின் பரப்பு 46,500 ச.கி.மீ., மக்கள் தொகை 20 லட்சத்துக்கு மேல், உயரமான சிகரம் குலா காங்ரி என்று இருக்கிறது. கோச்சிங் சென்டர் நோட்டிலோ 38,394 ச.கி.மீ., 7.27 லட்சம், காங்கர் புயென்சம். எதை எழுதுவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நோட்டில் உள்ளதை எழுதுங்கள். ஏன் மாறியது என்றும் தெரிந்துகொண்டால் எண் மறக்காது.

பரப்பு குறைந்ததற்கு வரைபடம்தான் காரணம். சீனாவுடனான வடக்கு எல்லை இன்னும் முடிவாகவில்லை. 1984 முதல் பேச்சு நடக்கிறது. குலா காங்ரியைச் சுற்றிய பனிமலைப் பகுதியைப் பழைய படங்கள் பூட்டானுக்குள் காட்டின, புதியவை திபெத் பக்கம் காட்டுகின்றன. ஆகவே சிகரத்துக்கு விடை காங்கர் புயென்சம், 7,570 மீட்டர்.

மக்கள் தொகைக் குழப்பம் வேறு வகை. 1971இல் பூட்டான் ஐ.நா.வில் சேர்ந்த காலத்தில் 10 லட்சம் என்ற எண் புழங்கியது. அதன்மேல் வருடா வருடம் வளர்ச்சி விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனதில், வெளிநாட்டு ஆண்டுநூல்களில் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அசலே தப்பு, அதற்கு வட்டி வேறு! 2005இல் முறையாகக் கணக்கெடுத்தபோது வந்தது 6,34,982. 2017இல் 7,27,145. சில புத்தகங்களில் 7,35,553 என்றிருக்கும். அதுவும் அச்சுப்பிழை இல்லை. கணக்கெடுப்பு நாளில் வந்துபோகிறவர்களாக நாட்டுக்குள் இருந்த 8,408 பேரையும் சேர்த்த எண் அது. வினாத்தாளில் 'வசிப்போர்' என்று கேட்டால் சிறிய எண்தான் விடை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1990களின் தொடக்கத்தில், தெற்கே நேபாளி பேசும் லோட்சம்பா மக்களில் பெருந்தொகையானோர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. நேபாளத்தில் இருந்த முகாம்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆறேழு லட்சம் பேர் உள்ள நாட்டில் இது எவ்வளவு பெரிய எண் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: காந்தி ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். சிகிச்சைக்கு வரும் பூட்டான்காரர்கள் "எங்கள் நாடு சின்னது" என்கிறார்கள். நம் மாவட்டத்தைவிடச் சின்னதா?
– வாசகர், வேலூர்

பதில்: இடத்தில் பெரியது, ஆளில் சின்னது. மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்த வேலூர் மாவட்டத்தின் பரப்பு 6,077 ச.கி.மீ. பூட்டான் அதைப்போல ஆறு மடங்குக்கு மேல். ஆனால் 2011 கணக்குப்படி அந்தப் பழைய மாவட்டத்தில் 39,36,331 பேர். பூட்டானில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சதுர கி.மீ.க்கு இங்கே 648 பேர், அங்கே 19.

இந்த 19ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். நாடு முழுக்கச் சரிவு. தெற்கு எல்லையில் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இல்லாத இடம் உண்டு. அங்கிருந்து 150 கி.மீ. சுமாருக்கு வடக்கே போனால் 7,000 மீட்டர் பனிமலை. உழுது பயிரிடக்கூடிய நிலம் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. காடு எப்போதும் 60 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது. எனவே சனங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். 20 மாவட்டங்களில் திம்பு ஒன்றில் மட்டும் 1,38,736 பேர். வடக்கே காசா மாவட்டம் முழுவதற்கும் 3,952 பேர்தான்! நம் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்றில் இருக்கும் கூட்டம்.

உயரத்தைப் புரிந்துகொள்ள ஏலகிரியை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் விளையும் புனாக்கா கிட்டத்தட்ட அந்த உயரம். தலைநகர் திம்பு அதைப்போல இரு மடங்கு.

கேள்வி: பாலாறு மாதிரி அங்கேயும் ஆறுகள் வற்றுமா?
– வாசகி, ஆற்காடு

பதில்: வற்றாது, ஆனால் குளிர்காலத்தில் மெலியும். ஆறுகளுக்குப் பெயரிலேயே 'சூ' என்று வரும்; நீர் என்று பொருள். மழையில் பெருகும்போது மின்சாரம் எடுத்து இந்தியாவுக்கு விற்கிறார்கள். சுக்கா நீர்மின் நிலையம் 336 மெகாவாட், தாலா நிலையம் 1,020. குளிரில் நீர் குறைந்ததும் நம்மிடமே மின்சாரம் வாங்குகிறார்கள். எல்லா ஆறும் கடைசியில் பிரம்மபுத்திராவில்தான் சேர்கிறது.

கேள்வி: குடும்பத்தோடு போக ஆசை. காட்பாடியிலிருந்து வழி?
– வாசகி, காட்பாடி

பதில்: கன்னியாகுமரி – திப்ருகார் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும். நியூ ஜல்பைகுரியில் இறங்கி, அலிப்பூர்துவார் பக்கம் போகும் ரயிலில் ஹாசிமாரா. அங்கிருந்து சுமார் 18 கி.மீ.யில் எல்லை ஊர் ஜெய்காவ். எல்லை நுழைவு வளைவைத் தாண்டினால் பூட்டானின் புன்ட்ஷோலிங் ஊர். திம்புவுக்கு இன்னும் 170 கி.மீ. சுமார், முழுக்க மலை வளைவு. ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருவது நல்லது.

பலர் மாட்டிக்கொள்வது அடையாள அட்டையில்தான். ஆதார் செல்லாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். விசா தேவையில்லை, ஆனால் இந்தியருக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு; 6 முதல் 12 வயது வரை பாதி. கடிகாரத்தை அரை மணி முன்னால் வையுங்கள். அவர்கள் பணம் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. மீதி நுல்ட்ரமை ஜெய்காவிலேயே மாற்றிவிடுங்கள். காட்பாடியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் நீட்டினால் வாங்கமாட்டார்.