சனிக்கிழமை சேவைக்குக் கிளம்பும் முன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் தொழிற்சாலையிலிருந்து 80 ஊழியர்கள் ஒரு சனிக்கிழமை அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போய் வகுப்பறைகளுக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறோம். போன ஆண்டு வேறொரு பள்ளியில் அடித்தது ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது. இந்த முறை எதைக் கவனிக்க வேண்டும்?
- ஹெச்.ஆர். அலுவலர், ஓசூர்

பதில்: உரிவதற்குப் பெரும்பாலும் பழைய வெள்ளையடிப்புதான் காரணம். சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு ஒட்டினால் அதன்மேல் எமல்ஷன் பிடிக்காது. தூளோடு சேர்ந்து பெயின்டும் வந்துவிடும். சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது மூன்றையும் அந்த வாரத்திலேயே உள்ளூர்ப் பெயின்டருக்குக் கூலி கொடுத்து முடித்துவிடுங்கள். சுவரில் ஓதம் இருந்தால் கசிவை அடைக்காமல் தூரிகையைத் தொடவே வேண்டாம். சனிக்கிழமை உங்கள் ஆட்களுக்கு இரண்டு கோட்டிங் வேலைதான் இருக்கும். நடுவில் நாலு மணி நேரம் காயவேண்டும் என்பதால் முதல் கோட்டிங் காலை 10 மணிக்குள் முடிய வேண்டும்.

20-க்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் கதவு, ஜன்னல் போகச் சுமார் 700 சதுர அடி. இரண்டு கோட்டிங்குக்கு 10 முதல் 12 லிட்டர் ஆகும். ஓர் அறைக்கு ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுப்பார். மூன்று அறை என்றாலும் 18 பேர்தான். மீதி 62 பேர் என்ன செய்வார்கள்? இந்தக் கணக்கைப் போடாமல்தான் பல நிறுவனங்கள் பஸ் பேசிவிடுகின்றன.

பெயின்டுக்குப் பதில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தருவதையும் யோசியுங்கள். 80 பேர் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் தந்தால் மொத்தம் 640 மணி நேரம். 16 பேர், 20 சனிக்கிழமைகள், தலா 2 மணி நேரம் என்றாலும் அதே 640தான். மூன்றாம், நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு இரண்டாவது கணக்குதான் உதவும். அதே ஐந்து பிள்ளைகளுக்கு அதே ஆள் வாராவாரம் வரவேண்டும். பாதியில் சிலர் நின்றுவிடுவார்கள் என்பதால் 16 பேர் தேவைக்கு 20 பேரைத் தயார் செய்யுங்கள். ஆசிரியர் பார்வையில் படும் இடத்தில்தான் வகுப்பு நடக்க வேண்டும். மூடிய அறையில் பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையுடன் தனியே இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பதாகத் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். இதை முதல் நாளே தன்னார்வலர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எது தேவை என்பதைப் பள்ளியே சொல்லட்டும். “பெயின்ட் அடிக்கலாமா?” என்று கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், உதவ வருகிறவர்களை மறுப்பது அவருக்குச் சங்கடம். “இந்த வருஷம் எது உங்களுக்குப் பெரிய தடையாக இருக்கிறது?” என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசச் சொல்லுங்கள். பதில் கழிப்பறைத் தண்ணீராக இருக்கலாம். அப்படியானால் 80 பேர் போக வேண்டியதே இல்லை. ஒரு பிளம்பரும் மோட்டாரும் போதும். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளும் மனம் நிறுவனத்துக்கு வேண்டும்.

கேள்வி: சேவைப் பணியால் தலைவர்கள் உருவாவார்கள் என்று நிர்வாகம் நம்புகிறது. எங்கள் ஆட்களோ குரூப் போட்டோவோடு திரும்பி வருகிறார்கள். என்ன தவறு?
- பயிற்சிப் பிரிவு மேலாளர், சென்னை

பதில்: அவர்களிடம் எந்தப் பொறுப்பும் ஒப்படைக்கப்படவில்லை, தவறு அங்கேதான். ஐபிஎம் 2008-ல் தொடங்கிய கார்ப்பரேட் சர்வீஸ் கோர் திட்டத்தைப் பாருங்கள். பல நாட்டு ஊழியர்களைச் சிறு குழுவாக்கி, வளரும் நாடு ஒன்றுக்கு நான்கு வாரம் அனுப்பினார்கள். அதற்கு முன் மூன்று மாதத் தயாரிப்பு, திரும்பிய பின் இரண்டு மாதம் தொடர்வேலை. பிரச்சினை அங்குள்ள அமைப்பினுடையது; தீர்வை அந்த அமைப்பிடமே ஒப்படைக்க வேண்டும். டாடா குழுமத்தின் புரோஎங்கேஜ் திட்டமும் ஊழியரின் தொழில்திறனைச் சில மாதங்களுக்குப் பகுதிநேரமாகத் தொண்டு நிறுவனத்துக்குத் தருகிறது.

சிறிய நிறுவனமும் இதைச் செய்யலாம். ஐந்து பேர், 12 வாரம், வாரம் ஓர் அரைநாள். வெவ்வேறு துறைகளிலிருந்து எடுங்கள். குழுத் தலைவர் மற்ற நால்வருக்கும் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. உத்தரவு போட முடியாத இடத்தில் நால்வரை ஒன்றுசேர்த்து வேலையை முடிப்பதுதான் பயிற்சியே. தொடங்கும் முன் ஒரே பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: பிரச்சினை என்ன, 12-வது வாரம் எதை ஒப்படைப்பது, அதன்பின் அங்கே யார் அதைப் பார்த்துக்கொள்வது.

மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஐ.டி. குழு ஆசையாக ஓர் ஆப் செய்து கொடுக்கும். அதைப் பராமரிக்கத் தொண்டு நிறுவனத்தில் ஆள் இருக்காது, சில மாதத்தில் மூலையில் கிடக்கும். அங்குள்ள கணக்காளருக்குத் தெரிந்த எக்செல் தாளைச் சீர்செய்து கொடுத்திருந்தால் இன்றும் ஓடும்.

முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மணி நேரம் குழுவோடு உட்காருங்கள். எந்த முடிவில் தடுமாறினார்கள், யாருடைய பேச்சைக் கேட்காமல் விட்டார்கள் என்று பெயர் சொல்லியே பேச வேண்டும். தொண்டு நிறுவனத்தின் கருத்தைத் தனியாகக் கேளுங்கள். குழுவின் முன்னால் நல்லதை மட்டுமே சொல்வார்கள். சேவை மணிநேரத்தை அப்ரைசலில் மதிப்பெண்ணாக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆக்கினால் எல்லோரும் வருவார்கள், ஈடுபாட்டோடு வந்தவர் யார் என்பது தெரியாமல் போகும்.

கேள்வி: ஊழியர்கள் சேவையில் செலவிட்ட நேரத்துக்கான சம்பளத்தைச் சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) கணக்கில் காட்டலாமா?
- கணக்கர், திருப்பூர்

பதில்: முடியாது. 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின் கீழ் வரும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சி.எஸ்.ஆர். பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊழியர்களை ஈடுபடுத்துவதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் ஊக்குவித்தாலும், அவர்கள் தரும் சேவையைப் பணமாக மதிப்பிட்டு இந்தச் செலவில் சேர்க்கக் கூடாது என்று விளக்கம் தந்திருக்கிறது. மாரத்தான் போன்ற ஒரு நாள் நிகழ்ச்சியும் சேராது. பள்ளிக்கான பெயின்ட், பெயின்டர் கூலி ஆகியவை அங்கீகரிக்கப்பட்ட கல்வித் திட்டத்தின் பகுதியாக இருந்தால் சேரும். ஊழியர்களின் டி-ஷர்ட், சாப்பாடு, பஸ் ஆகியவற்றுக்கு ஹெச்.ஆர். பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் 100 மரக்கன்றுகள் நடலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் பக்கம் ஜூனில் வெயில்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நடுங்கள். ஒன்றரை அடிக் குழி, மூன்றடிக்குக் குறையாத வேம்பு, புங்கம், பூவரசு. வேர் சிதையாமல் பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிடுங்கள். அவசரத்தில் பையோடு நட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கோடையில் கன்றுக்கு 10 லிட்டர், வாரம் இருமுறை என்றால் 100 கன்றுக்கு வாரம் 2,000 லிட்டர். இரண்டு கோடைக்கு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், யார் ஊற்றுவார்கள் என்பதை முடிவு செய்த பிறகு குழி வெட்டுங்கள். 30 கன்றுக்குத்தான் வழி இருக்கிறது என்றால் 30 மட்டும் நடுங்கள்.